முதல் மூன்று நாளை விற்றுவிடாதீர்கள்

வெளிநாடு போய் வரும் என் வயதுக்காரர்கள் மீது எனக்கு ஒரு கோபம் உண்டு. போகிறார்களே என்று கோபமில்லை. ஓய்வூதியக்காரன் விமானம் ஏறக் கூடாது என்று சொல்ல நான் யார்? நானே போய் வந்தவன்தான். போய் இறங்கிய ஊரில் முதல் மூன்று நாளை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் கோபம். அந்த மூன்று நாளையும் கள்ளக்குறிச்சியில் இருந்தபடியே, முன்பணத்தோடு சேர்த்து, ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் விற்றுவிட்டுப் போகிறார்கள். வாங்கியவர் அதை அரை மணி, முக்கால் மணியாக நறுக்கி, பல்லாங்குழியில் புளியங்கொட்டை போடுகிற மாதிரி குழிக்கு நாலாகப் போட்டுக்கொண்டே போகிறார்.

நோட்டீஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ஒன்பது நாள், ஐந்து நாடு. தென்னிந்தியச் சாப்பாடு. தமிழ் பேசும் வழிகாட்டி." நம் பிள்ளைகள் அதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "அப்பா, உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை, எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க" என்கிறார்கள். பிள்ளைகளின் அன்பில் குறை இல்லை. ஆனால் 'எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க' என்பதை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். உண்மையில் நடப்பதும் அதுதான். பார்ப்பது அவர்கள். நாம் ஏறி இறங்குகிறோம்.

நான் நேரில் அறிந்த ஊர் பாரிஸ் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். இந்தத் திட்டங்களில் முதல் நாள் எப்படிப் போகும்? கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு ஐந்து மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருக்க வேண்டும். இரவு விமானம், நடுவழியில் ஒரு விமானம் மாற்றம். பாரிஸ் விமான நிலையத்தில் கால் வைக்கும்போது தூங்கி ஒரு பகல் ஓர் இரவு ஆகியிருக்கும். அறை பிற்பகலில்தான் கிடைக்கும் என்பதால் நேராகப் பேருந்து. வெற்றி வளைவு, ஜன்னல் வழியாக. கொன்கோர்து சதுக்கம், ஜன்னல் வழியாக. பிறகு ஈஃபிள் கோபுர வரிசை. எட்டு மணிக்கு சேன் நதியில் படகு.

கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே இரவு எட்டு என்றால் நம் உடம்புக்கு மணி பதினொன்றரை. எங்கள் ஊரில் ஒன்பதரைக்கே பாயை விரிக்கிற மனிதரைப் படகில் உட்காரவைத்து, "இடப்பக்கம் பாருங்கள், வலப்பக்கம் பாருங்கள்" என்றால் அவர் எந்தப் பக்கத்தைப் பார்ப்பார்? தலை தொங்கித் தூங்குகிறார். மனைவி அவரை எழுப்பிப் படம் எடுக்கிறார். இரண்டாம் நாள் கேளிக்கைப் பூங்கா. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் பெட்டி வாசலில் இருக்க வேண்டும், அடுத்த நாட்டுக்கு. திரும்பி வந்தபின் கேட்டால், "பாரிஸ் பாத்தாச்சு சார்!"

அரசு அலுவலகத்தில் எழுத்தராக வாழ்நாளைக் கழித்தவன் நான். இதைப் பார்க்கும்போது எனக்குப் பயணப்படிப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், எத்தனை கிலோமீட்டர், முகாம் எங்கே, எதற்காக. அந்தப் பட்டியலில் மலை எப்படி இருந்தது என்று எழுதக் கட்டம் கிடையாது. தணிக்கைக்கு அது தேவையும் இல்லை. நம் ஆட்கள் சொந்தப் பணத்தில், யாரும் தணிக்கை செய்யப் போகாத பயணத்துக்கும் அதே பட்டியலைப் பூர்த்தி செய்துகொண்டு வருகிறார்கள். கைப்பேசிப் படம்தான் இணைப்புச் சான்று.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூட்டமாக அழைத்துப் போகும் இந்தத் தொழில் கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல. 1841 ஜூலை 5ஆம் தேதி, இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை ரயிலில் அழைத்துப் போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். 1855இல் பாரிஸ் கண்காட்சிக்கும் ஆட்களை அழைத்துப் போனார். ஊரை விட்டு வெளியே போகவே வழியில்லாதவர்களுக்கு அவர் வழி செய்தார். அதற்காக அவரைக் கும்பிடலாம். ஆனால் இன்று நம் மேஜைக்கு வரும் நோட்டீஸ், போக வழியில்லாதவனுக்கு வழி செய்வதில்லை. ஒரே ஊரில் நிம்மதியாக இருக்கப் போதுமான பணத்தை வாங்கிக்கொண்டு, ஐந்து ஊரில் நிம்மதியில்லாமல் செய்கிறது.

இதைச் சொன்னால் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. "அவ்வளவு தூரம் போயிட்டு ஒரே ஊரா?" என்கிறார்கள். அவர்களிடம் நான் கல்வராயன் மலையைப் பற்றிக் கேட்பேன்.

சனி, ஞாயிறு வந்தால் வெளியூர்க் கார்கள் கச்சிராயப்பாளையம் வழியாக மலை ஏறுகின்றன. நேராக மேகம் அருவி. குளியல், பிரியாணிப் பொட்டலம், படம். பிறகு கரியாலூரில் படகு. நாலு மணிக்குள் இறங்கிவிடுகிறார்கள். "கல்வராயன் மலை பார்த்தாச்சு" என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறார்கள். இதைப் பற்றி டீக்கடையில் நாம் என்ன பேசுகிறோம்? "வந்தான், குளிச்சான், பாட்டிலைப் போட்டான், போனான். இவனுக்கு மலையைப் பத்தி என்ன தெரியும்?" என்கிறோம். சரியாகத்தான் பேசுகிறோம். சாமை விளையும் சரிவும் மரவள்ளிக் கொல்லையும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. கடுக்காய் பொறுக்கி வரும் பெண்களிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாடு விடுதலை அடைந்து வெகுகாலம் ஆன பிறகும் இந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது என்பதோ, மலையாளி மக்கள் அதில் என்ன பட்டார்கள் என்பதோ அவர்களுக்குத் தெரியாது. வெள்ளிமலையில் ஒரு ராத்திரி தங்கினால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

கல்வராயனை நாலு மணி நேரத்தில் பார்க்கிறவனை இப்படி ஏசுகிற நாம், ஏறத்தாழ இருபது லட்சம் பேர் வசிக்கும் பாரிஸை ஒன்றரை நாளில் பார்த்துவிட்டு வந்து, ஓய்வூதியர் கூட்டத்தில் அனுபவம் பேசுகிறோம். பாட்டிலைப் போடவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

முதல் மூன்று நாளை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன்? அந்த மூன்று நாளில்தான் கண் புதிதாக இருக்கிறது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதுகூடப் புதிது. நாலாம் நாள் பழகிவிடும். பழகிய பிறகு அருங்காட்சியகத்துக்குப் போகலாம், கோபுரம் ஏறலாம், நஷ்டமில்லை. புதுக் கண் இருக்கிற நாளில் வரிசையில் நின்றால் அது நஷ்டம். எழுபது வயதுக்காரனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் மூன்று நாளில் முழங்கால் கெட்டால் மிச்ச நாளெல்லாம் அறையில்தான்.

2025 ஜூனில் நாங்கள் நால்வர் போனோம். நில அளவைத் துறையில் இருந்த ஒருவர், தமிழாசிரியர் ஒருவர், கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்த ஒருவர், நான். ஒரே ஊர், பத்து இரவு. பத்தாம் வட்டாரத்தில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில், அடுப்படியோடு சின்ன வீடு ஒன்றை எடுத்துக்கொண்டோம். முதல் மூன்று நாளுக்கு டிக்கெட் எதுவும் முன்பதிவு செய்வதில்லை என்பது எங்கள் ஒப்பந்தம்.

திங்கட்கிழமை இறங்கும்படி பார்த்துக்கொண்டோம். காரணம் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். நவிகோ என்ற பயண அட்டையின் வாரச் சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். புதன்கிழமை வாங்கினாலும் ஞாயிறோடு முடிந்துவிடும். 2025இல் வாரச் சீட்டு 31.60 யூரோ, அட்டைக்குத் தனியே 5 யூரோ, ஒரு புகைப்படமும் வேண்டும். விமான நிலைய ரயிலுக்கு மட்டும் தனிச் சீட்டு வாங்கினால் அந்த ஆண்டில் ஒரு தடவைக்கே 13 யூரோ ஆனது. அட்டையில் அந்த ரயில், மெட்ரோ, பேருந்து எல்லாம் அடங்கும்.

முதல் நாள் பெட்டியை வைத்துவிட்டு, குளித்து, கொஞ்சம் தூங்கி, மாலையில் ஐந்து நிமிட நடையில் இருந்த சேன் மர்த்தேன் கால்வாய்க்குப் போனோம். அவ்வளவுதான் முதல் நாள். அந்தக் கால்வாய் 1825இல் திறந்தது. நாலரை கிலோமீட்டர் நீளத்தில் 25 மீட்டர் இறக்கம். படகு அதில் போவதற்கு ஒன்பது இடத்தில் இரட்டைக் கதவு வைத்திருக்கிறார்கள். படகை இரண்டு கதவுக்கு நடுவே நிறுத்தி, தண்ணீரை விட்டு நிரப்பி, மேல் மட்டத்துக்குத் தூக்குகிறார்கள். கோமுகி அணையின் ஷட்டரை ஆயிரம் தடவை பார்த்த எங்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. நில அளவைக்காரர் கரையில் உட்கார்ந்து மட்டக் கணக்குப் போட்டு எங்களுக்குப் பாடமே நடத்திவிட்டார். ஜூனில் அங்கே பத்து மணி வரை வெளிச்சம். எட்டரைக்கே திரும்பிப் படுத்துவிட்டோம். இந்தக் கால்வாய்க் கரையில் உட்காருவதற்கு யாரும் பணம் கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ, எந்த நோட்டீஸிலும் அது இல்லை.

இரண்டாம் நாள் செவ்வாய். அன்று லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, நல்லதாயிற்று. மெட்ரோ 1900இல் தொடங்கியது. பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, படிக்கட்டுதான். நம் முழங்காலுக்குப் பேருந்துதான் கதி. தாழ்தளப் பேருந்து, ஏறுவது சுலபம். காம்பெத்தா என்ற இடத்தில் 69ஆம் எண் பேருந்தில் ஏறினோம். பஸ்தீய், நகராட்சி மாளிகை, லூவ்ர், ஒர்சே என்று ஊரின் நடுவயிற்றைக் கடந்து ஈஃபிள் கோபுரத்துப் புல்வெளியில் கொண்டுபோய் விடுகிறது. சுற்றுலாப் பேருந்து காட்டுவதை எல்லாம் இது காட்டுகிறது. பிடித்த இடத்தில் இறங்கலாம், அடுத்த பேருந்தில் ஏறலாம். கூட வருகிறவர்கள் காய்கறிப் பையோடு வீடு திரும்பும் பாரிஸ்காரர்கள். 330 மீட்டர்க் கோபுரத்தைப் புல்லில் மல்லாந்து படுத்துப் பார்த்தோம். அதற்கு வரிசையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

தெருவில் பச்சை இரும்பில் நாலு பெண்கள் கூரை தாங்கி நிற்கும் குடிநீர் ஊற்றுகளைப் பார்க்கலாம். 1870-71 முற்றுகைக்குப் பிறகு, 1872 முதல், ரிச்சர்டு வாலஸ் என்ற செல்வந்தர் தன் செலவில் வைத்தவை. நம் தண்ணீர்ப் பந்தல் மாதிரி. இன்றும் தண்ணீர் வருகிறது, குடிக்கலாம். தெருக் கழிப்பறைகளும் இலவசம். எழுபது வயதில் ஒரு நகரத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இரண்டும்தான். எந்த வழிகாட்டியும் இதைச் சொல்ல மாட்டார். அவர் நிறுத்துகிற இடத்தில்தானே நமக்குத் தாகம் எடுக்க வேண்டும்!

மூன்றாம் நாள் காலை கர்னவலே அருங்காட்சியகம். பாரிஸ் நகரத்தின் கதையைச் சொல்லும் இடம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. பழைய கடைப் பெயர்ப்பலகைகளை ஒரு கூடம் நிறைய மாட்டியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் இது பூட்டுக் கடை, இது இறைச்சிக் கடை என்று புரியும்படி செய்தவை. தமிழாசிரியர் அங்கேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டார். யாரும் கொடியைத் தூக்கிக் காட்டி அவரை விரட்டவில்லை. மாலை லா ஷப்பேல் பகுதி. மாணிக்க விநாயகர் கோயிலும், அதைச் சுற்றிப் புடவைக் கடை, முருங்கைக்காய், தமிழ்ப் பலகைகளும் அங்கே உண்டு. 1983க்குப் பிறகு வீடிழந்து வந்த ஈழத்தமிழர் உண்டாக்கிய தெருக்கள். ஒரு கடைக்காரப் பெரியவர், "எவடம் ஐயா?" என்றார். கள்ளக்குறிச்சி என்றோம். உட்காரச் சொல்லி, அந்த நாளில் மொழி தெரியாமல் தாம் முதல் வாரத்தைக் கழித்த கதையைச் சொன்னார். எங்கள் முதல் வாரத்துக்கு விசாவும் காப்பீடும் திரும்பும் டிக்கெட்டும் இருந்தன. அவருக்கு எதுவும் இருக்கவில்லை. கடையை விட்டு வெளியே வந்த பிறகு வெகுநேரம் நாங்கள் பேசவில்லை.

லூவ்ர், கோபுரம், நோத்ர்தாம் எல்லாம் நாலாம் நாளுக்கு மேல்தான். 2019 ஏப்ரல் 15இல் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர்தாமுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. லூவ்ருக்கு அப்போது 22 யூரோ. 2026 ஜனவரியிலிருந்து நம்மைப் போன்ற ஐரோப்பியரல்லாதவர்க்கு 32 ஆக்கிவிட்டார்கள். அவ்வளவு கொடுக்கிறவன் தூக்கக் கலக்கத்திலா போக வேண்டும்?

இனி ஆட்சேபணைகள்.

"உனக்கு பிரெஞ்சு தெரியும், நீ பேசுவாய்" என்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன்தான், மறுக்கவில்லை. என்னோடு வந்த மூவருக்கும் ஒரு சொல்கூடத் தெரியாது. நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு சொல். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' சொல்ல வேண்டும். சொல்லாமல் விலையைக் கேட்டால் அந்த ஊரில் அது மரியாதைக் குறைவு, முகம் கடுத்துவிடும். நம் ஊரில் வீட்டுக்குள் நுழைந்து வணக்கம் சொல்லாமல் 'காப்பி இருக்கா' என்று கேட்டால் எப்படி இருக்கும்? பிரெஞ்சுக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று சொல்லித் திரும்புகிற நம்மவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு சொல்லைச் சொல்லாதவர்கள். காசாளர் இரண்டாம் நாள் காலையே தனியாகப் போய், போன்ழூர் சொல்லி, விரலைக் காட்டி ரொட்டி வாங்கி வந்தார். "பாண்டிச்சேரியாரே, நீங்க இனிமே தூங்கலாம்" என்றார்.

"உடம்புக்கு ஏதாவது வந்தால்?" ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுக்காமல் யாரும் போக முடியாது. கூட்டத்தோடு போனாலும் தனியாகப் போனாலும் அதே சட்டம். அவசரத்துக்கு 112, ஐரோப்பா முழுவதும் ஒரே எண். உடம்புக்கு வராமல் இருக்க வேண்டுமென்றால் முதல் மூன்று நாள் தூங்குங்கள் என்பதுதான் என் வைத்தியம்.

"சாப்பாடு?" அரிசியும் பருப்பும் லா ஷப்பேலில் கிடைக்கிறது, வீட்டில் அடுப்பு இருக்கிறது. ஆண்பிள்ளைகள் நாலு பேர் ரசம் வைத்துக்கொள்ளத் தெரியாமல் எழுபது வயது வரை வந்திருந்தால், அதற்குச் சுற்றுலா நிறுவனம் மருந்து அல்ல.

நண்பர்களோடு போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பது வருடம் பழகியவர்கள் என்றாலும் ஒரே வீட்டில் தங்கினால் உரசல் வரும். ஒருவர் குறட்டை, ஒருவர் விளக்கை அணைக்கவிடமாட்டார். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். கர்னவலேக்கு வரப் பிடிக்காத காசாளர் கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்தார். பிற்பகலில் சேர்ந்தபோது பேச விஷயம் இருந்தது. சுற்றுலாப் பேருந்தில் நண்பர்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருக்கிறார்கள், ஆனால் ஒருவர் தூங்குகிறார், ஒருவர் அடுத்து எங்கே இறங்க வேண்டுமென்று கவலைப்படுகிறார். நம் ஓய்வூதியர் கூட்டத்தில் ஆண்டுக்கு ஆண்டு இரங்கல் தீர்மானம் நீண்டுகொண்டே போவதை நீங்களும் கேட்கிறீர்கள். எங்கள் நால்வரில் யாருக்கு அடுத்த கோடையில் கால் நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிடைத்த பத்து நாளை ஓட்டப் பந்தயமாக்க எங்களுக்கு மனமில்லை.

தனியாக இருக்கும் பெண்களும், நடக்க முடியாதவர்களும், துணை கிடைக்காதவர்களும் சுற்றுலா நிறுவனத்தோடுதான் போக வேண்டியிருக்கும். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பணம் கொடுப்பது நீங்கள், கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுடையது. மூன்று கேள்வி கேளுங்கள். முதல் ஊரில் எத்தனை இரவு? தங்கும் விடுதி ஊருக்குள்ளா, நெடுஞ்சாலை ஓரமா? இறங்கிய நாளில் படுத்துத் தூங்க விடுவீர்களா? மூன்று இரவுக்குக் குறைந்தால், விடுதி ஊருக்கு வெளியே என்றால், முதல் நாளே படகு என்றால், அந்த நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாலு பேர் திருப்பிக் கொடுத்தால் ஐந்தாவது ஆளுக்கு வேறு நோட்டீஸ் அச்சடிப்பார்கள். வியாபாரிக்கு நம்மைவிட அது நன்றாகத் தெரியும்.

விசாவுக்கு என்னென்ன தாள் வேண்டும், ஓய்வூதியச் சான்றை எப்படி வைப்பது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதை அடுத்த வாரம் தனியாக எழுதுகிறேன்.